கனகராயன்குளத்துக்கு வைத்த இரண்டு பெயர்கள்

கிளிநொச்சி அலுவலகத்தை மாத முடிவோடு மூடுகிறார்கள் என்று கொழும்பிலிருந்து மேலாளர் வீடியோவில் சொன்னபோது, நான் கொப்பியில் அன்றைய திகதியை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துக் கீழே கோடும் போட்டேன். நாங்கள் இருந்ததே ஐந்து பேர். மூவருக்கு அந்தக் கிழமையே கடைசி. மென்பொருளைக் கொழும்புக் குழுவிடம் ஒப்படைக்கும்வரை என்னையும் பக்கத்து மேசைக்காரியையும் நிற்கச் சொன்னார். ஓம் என்றேன். தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஒப்படைப்பதில் முதல் வேலை பெயர் மாற்றுவது. வெளிநாட்டு மருத்துவ நிலையங்கள் சிலவற்றில் நோயாளர்கள் முன்பதிவு செய்வதற்கான மென்பொருள் அது. ஒரே துண்டாக இல்லை, பதினான்கு கூறுகளாக இருந்தது. ஒவ்வொன்றையும் தனியாகக் கட்டி, எதற்குப் பிறகு எது என்று பார்த்து, கடைசியில் ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாட்டை நாங்கள் பில்ட் என்போம். பில்டுக்கு ஒவ்வொரு கூறையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

அந்தப் பெயர்களை வைத்தவர், தொடக்கத்தில் எங்களுக்கு மூத்தவராக இருந்த ஓர் அண்ணை. வவுனியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். வழியில் வரும் ஊர்களின் பெயர்களையே வரிசையாக எடுத்து, முதலில் கட்டப்படும் கூறுக்கு ஓமந்தை என்று வைத்தார். அடுத்தது புளியங்குளம். பிறகு கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி. மாங்குளத்தில் தெரு பிரிகிற மாதிரி, அந்தக் கூறிலிருந்து குறுஞ்செய்தி ஒரு பக்கமும் மின்னஞ்சல் மறுபக்கமும் போகும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனமும் நின்று போகிற மாதிரி, அந்தக் கூறில் எல்லாத் திகதியும் நின்று சரிபார்க்கப்பட்டுத்தான் வெளிக்கிடும். அண்ணை கனடாவுக்குப் போன பிறகு சேர்ந்தவற்றுக்கு நாங்கள் பொது, உதவி, புதுசு, புதுசு இரண்டு என்று வைத்தோம். எங்களுக்கு விளங்கியது.

கொழும்பில் பொறுப்பெடுக்க இருந்தவள் ஒரு சிங்களப் பிள்ளை. மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டாள்: பெயரைப் பார்த்ததும் அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும், ஊர்ப் பெயர் வேண்டாம், புதுசு பழசு வேண்டாம். நியாயமான வேண்டுகோள்தான்.

அழைப்பு முடிந்ததும் பக்கத்து மேசைக்காரி கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

"ஏனப்பா நாங்கள் இதைச் செய்யோணும்? இந்தப் பேர்கள் இருக்கிற வரைக்கும் அவை எங்களைத்தானே கேக்கோணும்."

"ஓம்."

"எல்லாத்தையும் விளங்கப்பண்ணிக் குடுத்தால் பிறகு எங்களைத் தேடமாட்டினம்."

"ஓம்."

"ஓம் எண்டுறீர். பிறகும் செய்யிறீர்."

நான் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். கோபம் வரும் என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கை சும்மா இருக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

வரிசையாகச் செய்தோம். பெயர்களை ஆங்கிலத்தில்தான் எழுதினோம், இங்கே தமிழில் சொல்கிறேன். முறிகண்டி 'திகதி சரிபார்ப்பு' ஆனது. மாங்குளம் 'நினைவூட்டல் அனுப்புதல்'. பொது என்ற கூறைத் திறந்தால் எங்கே வைப்பது என்று தெரியாத எல்லாம் அதற்குள் கிடந்தன. அவற்றை உரிய இடங்களுக்குப் பிரித்துப் போட்டோம். பக்கத்து மேசைக்காரிக்கு வீடு ஓமந்தையில். அந்தப் பெயரை மாற்றும்போது "நீர் செய்யும்" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். 'நோயாளர் பதிவு வாசிப்பு' என்று மாற்றினேன்.

கனகராயன்குளத்தில் நின்றுபோனோம். அது என்ன செய்கிறது என்று இருவருக்கும் தெரியாது. அதை எடுத்துவிட்டால் பில்ட் உடைந்தது. அண்ணைக்குக் குரல் செய்தி அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது.

"தங்கச்சி, மறந்து போனன். பஸ் கனகராயன்குளம் வரேக்கை நான் எப்பவும் நித்திரை."

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் இருந்து அதை வரிவரியாக வாசித்தேன். நோயாளரின் பெயர்களில் எழுத்துகள் உருக்குலைந்து வந்தால் அது திருத்தியது. ஒரே ஆள் இரண்டு தரம் பதிந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்தது. நான் 'நோயாளர் திருத்தி' என்று எழுதினேன்.

"என்னத்தைத் திருத்துது? வருத்தத்தையோ?" என்றாள் அவள்.

"பேரை."

"அப்ப பேர் எண்டு எழுதும். மற்றது? ரெண்டு பதிவைச் சேர்க்கிறது?"

"அதுவும் இதுக்குள்ளைதான் இருக்கு."

"ரெண்டு வேலை செய்யிறதுக்கு ஒரு பேர் வராதப்பா. ரெண்டாப் பிரிச்சுப்போடும்." பிறகு, அந்த வேலையை வேண்டாம் என்றவள் தான்தான் என்று நினைவு வந்தவள்போல், "விருப்பமெண்டால்" என்றாள்.

பிரித்தோம். 'நோயாளர் பெயரெழுத்துத் திருத்தம்', 'இரட்டைப் பதிவு இணைப்பு'. பில்டை ஓட்டினோம். சிவப்பாகி நின்றது. எங்கோ ஒரு வரியில் பழைய பெயர் மிச்சமிருந்தது. அவள்தான் கண்டுபிடித்து மாற்றினாள். திரும்ப ஓட்டியபோது எல்லாக் கூறுகளும் பச்சையாக வந்தன. நல்ல பெயர்கள்தான். இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி நாள் ஒப்படைப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கொழும்புப் பிள்ளை பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தாள். எல்லாம் தெளிவாக இருக்கிறது, கேட்க ஒன்றுமில்லை, நன்றி என்றாள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மேசை லாச்சிகளைத் துடைத்தோம். பஸ்ஸுக்கு நேரமானதும் பக்கத்து மேசைக்காரி பையை எடுத்தாள்.

"வேலை ஏதும் கிடைச்சால் சொல்லும்," என்றாள்.

"நீரும் சொல்லும்."

அவளுக்கு இரண்டு மாதத்தில் வவுனியாவில் ஓரிடத்தில் கிடைத்தது. எனக்கு ஆறு மாதம் எடுத்தது. கொழும்பிலிருந்து யாராவது ஏதாவது கேட்டு அழைப்பு எடுப்பார்கள் என்று கொழும்புப் பிள்ளையின் இலக்கத்தை அழிக்காமல் வைத்திருந்தேன். ஒருவரும் எடுக்கவில்லை.

அலுவலகம் மூடியதை வீட்டில் ஒரு கிழமை சொல்லவில்லை. காலையில் வழமைபோல வெளிக்கிட்டு ஸ்கூட்டியில் போய் பொது நூலகத்தில் இருந்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் அம்மா குசினியில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டும்போது, "வேலை முடிஞ்சுதம்மா, மூடிப்போட்டாங்கள்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "எப்ப?"

"போன வெள்ளி."

பெட்டியைத் திறந்து சோற்றைத் திரும்பப் பானையில் போட்டார். "அப்ப வீட்டிலை இருந்து சுடச்சுடச் சாப்பிடன்," என்றார். நான் உடுப்பு மாற்ற உள்ளே போனேன்.