பரமேசு அக்கா தூக்கிய கை

போதகரே, நீங்கள் பிரசங்க மேடையில் நின்று பொய் சொன்னீர்கள்.

தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்த சைவக் குடும்பங்கள் தென்மராட்சிப் பள்ளிக்கூட முகாமொன்றில் தங்கியிருந்தன. போன ஐப்பசியில் சபை வாலிபர்களை ஒரு கிழமை ஊழியத்துக்கு அங்கே கூட்டிப்போனீர்கள். நானும் வந்தேன். மழைக்குள் நின்று கக்கூசுக்குக் குழி வெட்டினோம். அதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசி நாள் ஜெபக்கூட்டத்தில், இயேசுவை ஏற்றுக்கொள்பவர்களைக் கை தூக்கச் சொன்னீர்கள். ஒருவரும் அசையவில்லை. நீங்கள் எங்களை முறைத்தீர்கள். நாங்கள் தலை குனிந்தோம். அப்போது, அங்கே தங்கியிருந்த பரமேசு அக்கா பூசிய திருநீறோடு கையைத் தூக்கினார். பிறகு எல்லாரும் தூக்கினார்கள். நான் அழுதேவிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது அவரிடம் கேட்டேன்.

"உண்மையாவோ அக்கா?"

"உனக்கென்ன விசரே? எங்களுக்காகக் குழி வெட்டின பிள்ளையள். உங்கடை போதகர் ஐயாவுக்கு முன்னாலை உங்களைக் குனிய விடச் சொல்லுறியோ?"

அன்றே அதை உங்களிடம் சொன்னேன். "விதை விழுந்திட்டுது தம்பி" என்று சிரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை, முகாமே மனந்திரும்பியது என்று அறிவித்தீர்கள். அக்காவின் பெயரையும் சொன்னீர்கள். அது அரியாலையில் இருக்கும் அவருடைய தமையனின் காதுக்குப் போனது. அக்காவைத் தன் வீட்டுக்கு அழைக்க இருந்தவர், "மதம் மாறின வேதக்காரிக்கு என்ரை வீட்டிலை இடமில்லை" என்றுவிட்டார். அக்கா இன்னும் அந்த வகுப்பறையில்தான் படுக்கிறார்.

அன்பைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக நினைத்துப் போனவன் நான். வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு அதே மேடையில் ஏறி, அந்தக் கைகள் யாருக்காக உயர்ந்தன என்று சபைக்குச் சொல்லுங்கள். அவருடைய தமையனையும் கூட்டிவருகிறேன்.