டா நாங்கில் ஒரு குற்றியலுகரம்

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். வரவேற்பில் இருக்கும் பெண் மேசைக்கடியிலிருந்து பாயை உருவி விரிப்பாள். கணக்குப் பார்ப்பவர் மடக்குக் கட்டிலில் சாய்வார். போன் அடித்தாலும் யாரும் எடுப்பதில்லை. வியட்நாமின் டா நாங் நகரத்தில், ஆங்கிலம் சொல்லித்தரும் இந்த நிலையத்தில் சேர்ந்த முதல் நாள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். இங்கே அதுதான் வழக்கமாம். எனக்கு மட்டும் இன்றுவரை அந்த நேரத்தில் தூக்கம் வந்ததில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய எதையாவது வாசித்துக்கொண்டிருப்பேன்.

அது செங்கல்பட்டில் ஒட்டிய பழக்கம். அப்பாவுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் பகலெல்லாம் தூங்குவார். எங்களுடையது ஒற்றை அறை வீடு. நானும் தம்பி அருளும் சத்தமில்லாமல்தான் படிக்கவேண்டும். அதனால் எனக்கு ஆங்கிலம் முதலில் உதட்டுக்குத்தான் வந்தது, காதுக்கு வர நாளாயிற்று. காலேஜில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது நான் 'பஸ்ஸு', 'லைட்டு' என்று வால் வைத்துப் பேசுவதைக் கேட்டு முன்பெஞ்சுப் பெண்கள் சிரித்தார்கள். அந்த வாலை வெட்ட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெட்டிய பிறகுதான் வெளிநாட்டு வேலைக்கே மனு போடும் தைரியம் வந்தது.

இங்கே பிரச்சினை நேர்மாறானது. இந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறார்கள். என் மாலை வகுப்பில் ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பெயரே ஹாய். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்து எல்லாருக்கும் பொதுவாக "ஹாய்" என்றேன். அவர் மட்டும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்வதற்காக மறுபடியும் சிரித்தபடி "ஹாய்" என்றேன். அவர் இன்னும் விறைப்பாக நின்றார். பக்கத்தில் இருந்தவர்தான் விளக்கினார். என்னைவிட முப்பது வயது மூத்தவர், என்னை 'கோ' என்று கூப்பிடுகிறார். அந்தச் சொல்லுக்கு டீச்சர் என்றும் பொருள், அத்தை என்றும் பொருள். அவருடைய பேத்தி மெல்போர்னில் பிறந்தவள், ஆங்கிலம் தவிர ஒன்றும் தெரியாது. அவளோடு பேசத்தான் இந்த வயதில் படிக்க வந்திருக்கிறார். ஆனால் லைக், லைட், லைஃப் மூன்றுமே அவர் வாயில் 'லை'தான். "தாத்தா என்ன சொல்கிறார்?" என்று போனில் பேத்தி தன் அம்மாவைக் கேட்பாளாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எத்தனை தடவை திரும்பச் சொல்ல வைத்தாலும் அந்த 'லை' அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் ஒரு வங்கி அதிகாரி, தங்களுக்கு வெள்ளைக்கார ஆசிரியர் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டார். நிலையத்தின் தலைவி மோய்ரா ஸ்காட்லாந்துக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுபவர். "உங்கள் பாஸ்போர்ட்டை என்னால் மாற்ற முடியாது. ஆனால் உங்களிடம் மேல்தகுதி இருந்தால் நான் உங்களுக்காகப் பேச முடியும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பெரியவர்கள் வகுப்பை எடுத்துவிட்டுக் குழந்தைகள் வகுப்பைத்தான் தரவேண்டியிருக்கும்" என்றார். இரண்டு வழி இருந்தது. ஒன்று, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தபால்வழி எம்.ஏ. மற்றது, இங்கேயே வேலை பார்த்துக்கொண்டே படிக்கும், ஆங்கிலம் கற்பிப்பதற்கான டிப்ளமா. வெளியிலிருந்து ஒருவர் வந்து, நாம் பாடம் நடத்துவதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பிடுவார். நிலையத்துக்கு எதுவானாலும் சரி. வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் பதில் சொல்லவேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அருள் இப்போது அப்பா வேலை பார்த்த அதே கம்பெனியில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனான். சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம்.

"இன்னாக்கா, இன்னும் யோசிச்சிகினே கீற?"

"டிப்ளமா பண்ணலாமான்னு பாக்கறேன்டா."

"அத எட்துகினு வந்தா செங்கல்பட்டுல எவன் மதிப்பான்? எம்.ஏ. முடி. இங்கியே காலேஜ்ல வேல கெடைக்கும்." சுண்டல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். "நம்ம தாத்தா மதுராந்தகத்துல அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டாரு. நான் ஐ.டி.ஐ.யோட நின்னுட்டேன். நீ காலேஜ்ல பாடம் நடத்துனா, நான் கேட்டாண்ட நின்னு பாத்துட்டாவது வருவேன்."

நான் பதில் சொல்வதற்குள், வெயிலில் சிவந்துபோன ஒரு வெளிநாட்டு அம்மாள் எங்களிடம் வந்து செங்கல்பட்டு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். நான் என்னுடைய சுத்தமான ஆங்கிலத்தில் வழி சொன்னேன். அலையும் காற்றுமாக இருந்ததில் அவருக்குப் பிடிபடவில்லை. காதில் கைவைத்துக் குனிந்தார். அருள் எழுந்து கையை நீட்டினான். "ஸ்ட்ரெய்ட்டு. நெக்ஸ்ட்டு லெஃப்ட்டு. பஸ் ஸ்டாண்டு. குயிக்கு." அவர் தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு நேராக நடந்தார்.

"இன்னா, சிரிக்கிற?" என்றான்.

"ஒண்ணுமில்லடா" என்றேன். நான் வெட்டி எறிந்த அந்த உகரம், ஒவ்வொரு சொல்லின் கடைசி மெய்யையும் கைப்பிடித்துக் கொண்டுபோய் அந்த அம்மாளின் காதில் சேர்த்ததை அப்போதுதான் கேட்டேன். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த குற்றியலுகரம். வாயைக் குவிக்காமல், முழு மாத்திரை இல்லாமல், அரைகுறையாக ஒலித்து ஓய்வது.

டா நாங் திரும்பிய வாரமே ஹாய் தாத்தாவிடம் "லைக்கு" என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ஏதோ புதுச் சொல் என்று நினைத்து எழுதிக்கொள்ளப் போனார். "இல்லை, இது பழைய சொல்தான்" என்றேன். "லைக்கு" என்றார். "லைட்டு." "லைஃபு." மூன்றும் முதன்முறையாக மூன்று சொற்களாக வந்து விழுந்தன. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிறகு அந்த உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, காற்றாக மட்டும் விடச் சொன்னேன். சில தடவை வந்தது, சில தடவை வரவில்லை. ஏன் வருகிறது, ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மோய்ராவிடம் கேட்டேன். "அது தெரியவேண்டுமென்றால் டிப்ளமாதான். நாவல் படிக்கவேண்டுமென்றால் எம்.ஏ. எடுங்கள்" என்றார்.

டிப்ளமாவில் சேர்ந்தேன். அன்று மாலையே அருளுக்குப் போன் செய்தேன்.

"அப்ப நீ வரமாட்ட" என்றான்.

"அப்படிச் சொல்லலடா."

"எம்.ஏ.ன்னா வருவ. இதுன்னா வரமாட்ட. அவ்ளோதான மேட்டரு."

அதற்குப் பிறகு பல வாரங்கள் அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் "ஷிப்ட்டுல கீறேன்" என்பான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. எந்தச் சான்றிதழ் என்று தேர்ந்தெடுத்தபோது எந்த ஊர் என்றும் சேர்த்தே தேர்ந்தெடுத்திருந்தேன். அதை அவன் எனக்கு முன்னால் புரிந்துகொண்டான்.

முதல் மதிப்பீட்டு வகுப்புக்கு ஹனோயிலிருந்து ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஹாய் தாத்தாவுக்கு அது எனக்கான பரீட்சை என்று எப்படியோ தெரிந்திருந்தது. எழுந்து போய் வந்தவர் முன்னால் நின்று, "ஐ லைக்கு யுவர் ஷர்ட்டு" என்றார். வகுப்பு முடிந்ததும் அந்த உகரத்தை எங்கிருந்து பிடித்தேன் என்று ஹனோய்க்காரர் கேட்டார். என் மொழியிலிருந்து என்றேன். சேர்த்த விதம் நன்று, கழற்றவும் கற்றுக்கொடுங்கள், பாதி வகுப்பு அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதித் தேர்ச்சி கொடுத்தார். இன்னும் சில வகுப்புகள் பாக்கி இருக்கின்றன. பெரியவர்கள் வகுப்பு என்னிடமே இருக்கிறது. வங்கி அதிகாரியும் வருகிறார்.

போன வாரம் வகுப்பு இடைவேளையில் அருள் வீடியோவில் கூப்பிட்டான். கம்பெனி பஸ்ஸில் இருந்தான். "சும்மாதான்க்கா. எப்டி கீற?" என்றான். நான் பேசத் தொடங்குவதற்குள் ஹாய் தாத்தா திரையை எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டார். தம்பி என்றேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யுவர் சிஸ்டர், குட்டு டீச்சர்" என்றார். "ஷீ ஸ்டே ஹியர். ரைட்டு?"

பஸ் இரைச்சலுக்கு நடுவில் அருளுக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டது.

"குட்டு டீச்சர், கரெக்ட்டு" என்றான். "பட்டு, ஷீ கம் பேக்கு. ஹவுஸு வெயிட்டிங்கு."

"நோ, நோ. நாட்டு நவ்" என்றார் தாத்தா.

"ஓகே சார். நாட்டு நவ்" என்றான் அருள்.

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் ஓட்டிய பஸ்ஸைப் பற்றி, இவன் போகும் பஸ்ஸைப் பற்றி என்று பேச்சு வளர்ந்தது. யாரும் என்னிடம் பொருள் கேட்கவில்லை. கை வலித்தது. யார் பக்கமும் சாயாமல் போனை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.