ஆறுமணிக் குருவிக்குச் சுண்ணாம்புக் கோடு

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு பலாமரம் உண்டு. அதன் சருகை நான் பெருக்குவதில்லை. சோம்பேறி என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள், பேசட்டும். பனிக்காலம் முழுக்க அந்தச் சருகைக் கிளறிப் புழு தின்ன ஓர் ஆறுமணிக் குருவி வரும். முதுகில் பச்சை, வாலடியில் சிவப்பு. ஆலையில் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது அதுவும் விசில் அடிக்கும். பக்கவாதம் வந்து ஜன்னலோர நாற்காலியே கதி என்றாகிவிட்ட என் மனைவிக்கு அதைக் கேட்டால்தான் பொழுது விடியும். பனிக்கு வந்து வெயிலுக்குப் போய்விடுவதால் அவள் அதற்கு வைத்த பெயர் கான்ட்ராக்ட்.

"ஏங்க, கான்ட்ராக்ட் டூட்டிக்கு வந்துட்டாருங்க" என்பாள். அன்று இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

இந்த மார்கழியில் மாடி வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்து எங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைத்தார். மறுநாளே பறவை ஆர்வலர் மன்றச் செயலாளர் வாசலில் நின்றார்.

"சார், ஞாயித்துக்கிழமை எங்க தலைவர் பாக்க வர்றாரு. பெரிய போஸ்ட்ல இருந்து ரிடையர் ஆனவரு. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள், மகராசன்கள்! சனிக்கிழமை நான் மருந்து வாங்கித் திரும்புவதற்குள் ஆள் வைத்துச் சருகைக் கூட்டி, கொளுத்தி, பலாமரத்துக்குக் காவியும் வெள்ளையும் அடித்து, வழிநெடுக சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டார்கள். பெரியவர் வந்தால் இந்த ஊரில் கோடு போட்டே ஆக வேண்டும், அவர் பார்க்க வருவது குப்பை கிளறும் குருவியே ஆனாலும். மனைவி ஜன்னலிலிருந்து கத்தியிருக்கிறாள். "ஃப்ரீயா க்ளீன் பண்ணித் தர்றோம்மா" என்று சிரித்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதியது. விசில் இல்லை. தலைவர் பைனாகுலரால் துழாவினார். ஒரு காக்கை அகப்பட்டது.

"இவ்ளோ நீட்டா இருக்கு, ஏன் வரல?" என்றார்.

"அதோட சோத்தத்தான் நேத்து கொளுத்திட்டீங்களே சார்" என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக.

அவர் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். செயலாளர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன்பின் தெருத்தெருவாகச் சருகு பொறுக்கி மூட்டையில் கொண்டுவந்து கொட்டினேன். குருவி வரவில்லை. மன்றத்தின் போட்டோதான் போனில் வந்தது: சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவே தலைவர், கீழே 'அரிய விருந்தாளியைக் கண்டு மகிழ்ந்த காலை.'

மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள்.

"ஜன்னல சாத்திடுங்க" என்றாள்.