பிளாப்பியில் ஒட்டிய பொட்டு

எண்பதுகளின் கடைசியில், திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். விவசாயிகள் கொண்டுவரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளின் எடையை அதில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் கணக்கில் பனமலைப் பக்கத்து விவசாயிகளின் எடையெல்லாம் குறைந்திருந்தது. அவர்கள் வந்து சத்தம் போட்டதும் முதலாளி யோசிக்கவே இல்லை. "மிஷினைத் தொடுறது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்" என்று போலீஸில் சொல்லிவிட்டார். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருடி என்று பெயர் வந்தால் எந்தச் சம்பந்தி வாசல் மிதிப்பான்?

விசாரிக்க வந்த ஏட்டு நல்ல மனிதர்தான். ஆனால் சாராய பாட்டிலும் திருட்டு வேட்டியும் கைப்பற்றிய பழக்கம். கணக்கு இருந்த பிளாப்பியை, அந்தக் கறுப்புச் சதுரத் தகட்டை, மேசைமேல் வைத்து, கோணி ஊசியில் சணல் கோத்தார். ஓட்டை போட்டு அடையாளச் சீட்டு கட்டப் போகிறார். பக்கத்தில் முத்திரை வைக்க அரக்கு உருகிக்கொண்டிருந்தது.

பாய்ந்து பிளாப்பியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"சாட்சிப் பொருள்மேல கை வைக்காதம்மா, பேஜாராயிடும்" என்றார்.

"ஊசி குத்தினா உள்ள இருக்கறது அத்தனையும் போச்சு சார். அப்புறம் நான் கம்பி எண்ணிக்கினு இருக்கணும். எல்லார் எதிர்லயும் ஒரு வாட்டி படிச்சிப் பாத்துட்டு, கவர்ல போட்டு, கவர்மேல அரக்கு வைங்க."

"படிக்கறப்பவே நீ மாத்திட்டா?"

நியாயமான கேள்வி. பிளாப்பி ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதை மூடிவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது. மூட வேறு எதுவும் கிடைக்காமல், நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். எழுத முயன்று காட்டினேன், மிஷின் மறுத்தது. ஏட்டு சிரித்துவிட்டார்.

திரையில் கணக்குகளும், கடைசியாக அவற்றில் கை வைத்த தேதிகளும் வரிசையாக வந்தன. தகராறான கணக்குக்கு நேராக 1-1-80.

"எண்பதுல இந்த மிஷினே இங்க இல்லியே?" என்றார் ஏட்டு.

"நிறுத்திப் போட்டா அதுக்குத் தேதி மறந்துடும் சார். திரும்பப் போட்டதும் கேக்கும். நான் தவறாம அடிப்பேன், மத்த கணக்கெல்லாம் பாருங்க. தேதி அடிக்காம சும்மா எண்டரைத் தட்டிக்கினு போறவங்களுக்கு எண்பதுதான் வரும்."

ஏட்டு, பக்கத்தில் நின்றிருந்த முதலாளி பக்கம் திரும்பினார். "வேற யார்கிட்டங்க சாவி இருக்குது?"

"லீவு நாள்ல நம்ம மச்சான் வருவாரு… சும்மா விளையாட" என்றவர் திரையில் இருந்த 1-1-80-ஐத் திரும்பிப் பார்த்தார். ஏட்டு பிளாப்பியைப் பொட்டோடு கவரில் போட்டு, கவரின் மடிப்பில் அரக்கு வைத்து, ஊதி ஊதி ஆற வைத்தார்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. முதலாளியே எங்கள் தெருவுக்கு வந்து நின்றார்.

"மிஷின் தேதி கேக்குதும்மா. நீ வந்தாதான் ஆவும்."

"நான் திருடலைன்னு இங்கியே, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

சொன்னார். எதிர்வீட்டு அம்மா அப்போதுதான் வெளியே வந்தார். இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.