அறுத்து ஒட்டிய அட்டை

பிள்ளைகளே, உங்கள் கடல் கதைப் புத்தகத்தின் அட்டை ஏன் அறுபட்டிருக்கிறது என்று கேட்டீர்களே, அறுத்தது நான்தான்.

நான் வளைகுடாவிலிருந்து லீவில் ஊருக்கு வர இருந்தபோது, அங்கே அப்பாசியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் அதைக் கொடுத்தார். "பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் எழுதினது. நிலாவுக்கு யாரும் போகாத காலத்துலயே கதையில ஆளை அனுப்பினவரு. இது கடலுக்கடியில போற கதை. இன்னிக்கும் உலகமே படிக்குது. பிள்ளைங்களுக்குக் கொடுங்க."

சும்மா எதற்குக் கொடுக்கிறார்? அட்டை வேறு தடியாக இருந்தது. அடுத்தவர் கொடுத்த பார்சலில் போதை மாத்திரை இருந்து, ஏர்போர்ட்டில் மாட்டி ஜெயிலுக்குப் போன கதை எங்கள் தொழிலாளர் கேம்பில் எல்லோருக்கும் தெரியும். அட்டையை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

அதைப் பார்த்தும் காதர் பாய் கோபப்படவில்லை. ஒரு பிளேடை எடுத்து நீட்டினார். "அறுத்தே பாருங்கண்ணே. நீங்க மாட்டினா பிள்ளைங்கதானே தவிக்கும்?"

அவர் முன்னாலேயே அறுத்தேன். உள்ளே வெறும் காகிதம்தான்.

"அந்த பிரெஞ்சுக்காரருக்கே இவ்வளவு கற்பனை கிடையாதுண்ணே!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழுத்தாளர் தான் பார்க்காத கடலடியில் அதிசயத்தைக் கண்டார். நானோ தினமும் பார்க்கிற மனுஷரிடம் இல்லாத திருட்டைக் கண்டிருக்கிறேன்.

அன்று ரூமில் தனியாக உட்கார்ந்து பசை தடவி அட்டையை ஒட்டினேன். காயும்வரை அதன்மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன்.