வயிற்றில் சாக்பீஸ் கோடு

அந்தத் தெருவில் அவளுக்குக் காஜாக்காரி என்றுதான் பெயர். கணவர் தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் ஓட்டை வெட்டி, நூலால் ஓரம் கட்டுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது காஜா போடுவாள். கண் வேறெங்கோ பார்க்கும், ஊசி தன்பாட்டுக்கு ஓடும். ஆனால் அவள் உடம்பில் யாராவது ஊசி குத்த வந்தால் கை கால் உதறும்.

இரண்டு முறை உண்டாகி, இரண்டும் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயின. மாமியாருக்குக் காரணம் தெரிந்திருந்தது. "மிஷின் மிதிச்சா வயித்துல பிள்ளை எப்படி நிக்கும்?" அன்றிலிருந்து அவள் தையல் மிஷினில் உட்காரவில்லை. கணவர் இருமுறை அவள் உடுப்பைப் பிரித்துத் தளர்த்தினார்; இருமுறை மறுபடி பிடித்துத் தைத்தார். மூன்றாவதாக உண்டானபோது, "நான் சொல்ற வரைக்கும் ஒரு தையலையும் பிரிக்காதீங்க" என்றுவிட்டாள்.

இந்த முறை டாக்டரம்மா தொடக்கத்திலேயே ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவைக் கேட்க மாமியாரும் கூடவே போனார்.

"உங்க ரத்தம் சீக்கிரம் உறையுது. மரபணுவுல பிறவியிலேயே வந்த சின்ன மாற்றம். நஞ்சுக்கொடியில ரத்தம் கட்டி, பிள்ளைக்குப் போறது குறைஞ்சிருக்கலாம்."

"அப்போ மிஷின் மிதிச்சது?" என்றார் மாமியார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா."

மாமியார் மின்விசிறியைப் பார்த்தார். காஜாக்காரி மாமியாரைப் பார்த்தாள். காரணம் வேறு, குற்றம் வேறு என்பது விளங்கப் பலருக்கு ஆயுள் போதாது. அவளுக்கு அந்த மர நாற்காலியில் ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஒரு ஊசி, வீட்டிலேயே. இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நாள் பூரா துணியைக் குத்துறவ, ஒரு தடவை உன்னைக் குத்திக்க மாட்டியா?" என்றார் கணவர்.

"துணி கத்தாதுங்க."

கடைசியில் அவரே போட்டார். போட்ட இடம் மறக்காமலிருக்க, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு தீற்று தீற்றினார். கை பழகிய வழக்கம்.

ஐந்தாம் மாதம், கணவர் பக்கத்தில் நிற்க, பரிசோதனைக்குப் படுத்தவளின் வயிற்றைப் பார்த்து டாக்டரம்மா திகைத்துவிட்டார்.

"என்னம்மா இது, இவ்வளவு கன்னிப்போயிருக்கு? ஊசியை நிறுத்தணும் போலிருக்கே!"

ஊசி நின்றால் பிள்ளையும் நிற்காது. அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. உள்ளங்கையால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்தாள். நீலம் கையோடு வந்தது.

"சாக்பீஸ் டாக்டர்! இவர் போட்ட கோடு!"

"கத்தரிக்கோலை எடுக்காம விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இனிமே நோட்டுல எழுதுங்கய்யா" என்று சொல்லி, பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். தடதடவென்று சத்தம் அறையை நிறைத்தது. மிஷின் முழு வேகத்தில் ஓடுவது போலிருந்தது.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொன்னாள்: "என்னங்க, பிரிங்க."

பெண் பிறந்தது. "இவளுக்கும் அந்த மாற்றம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியவளானதும் பார்த்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"தெரிஞ்சிருந்தா போதும். மிஷினை நல்லா மிதிக்கட்டும்."

"யாரு வேணாம்னு சொன்னா?" என்றார் மாமியார், பேத்தியின் சட்டைப் பொத்தானைப் போட்டபடி.