உருமிக்குப் போட்ட பொன்னாடை

சாந்தகுமாரி பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவள், வாய் கொஞ்சம் நீளம். சனி, ஞாயிறு வந்தால் தோளில் உருமி ஏறிவிடும். எங்களுடையது காசு வாங்கிக்கொண்டு வாசிக்கும் மேளக் குழு. கல்யாணம், கோயில் திருவிழா, கடை திறப்பு எதற்கும் போவோம். சாவுக்கும் போவோம். நான் கௌரி, குழுவில் ஜால்ரா தட்டுகிறேன். வேறு எங்கும் தட்டுவதில்லை.

போன வருடம் எங்கள் தமிழ்ப் பேரவை எங்களை ‘அதிகாரபூர்வ வாத்தியக் குழு’ என்று அறிவித்தது. நியூசிலாந்து நாட்டுக்குக் கிவிப் பறவை போல இங்குள்ள தமிழருக்கு இனி இந்த உருமி மேளம்தான் சின்னம் என்று தலைவர் சுந்தரம் மேடையில் முழங்கினார். அந்தப் பட்டத்தை ஜரிகையில் பின்னிய பொன்னாடையைச் சாந்தகுமாரிக்குப் போர்த்தினார். அவள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தப் பொங்கல் விழாவுக்கு முந்தைய வாரம் ராஜூ அண்ணன் மாரடைப்பில் இறந்தார். சாந்தகுமாரியோடு சேர்ந்து குழுவைத் தொடங்கியவர். அவர் மனைவி மரகதம் சாந்தகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னை சத்தமில்லாம அனுப்பிடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரும்மா. மேளத்தோட வந்துரு.”

“வரேங்க்கா.”

அன்று மாலையே சுந்தரம் போன் செய்தார். சாந்தகுமாரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, நீங்க போங்க, மாலை போடுங்க, வேணாங்கல. மேளம் மட்டும் வேணாம். சாவுல அடிச்சதை அடுத்த வாரம் பொங்கல் மேடையில எப்படி ஏத்துறது? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“நம்மள தூக்குறதும் நாலு பேருதாங்க.”

“அதுக்கில்லம்மா. ஊர்ல சாவு மேளம் யாரு அடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா...”

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. மனிதர் கடல் கடந்து வந்து பாட்டனி டவுன்ஸில் மாடி வீடு கட்டிவிட்டார். சாதியை மட்டும் கசங்காமல் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். மேடையில் சின்னமாம், பிணத்துக்கு முன்னால் தீட்டாம்!

சாந்தகுமாரியோ, “சரிங்க” என்று வைத்துவிட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

“பயந்துட்டியா?”

“என்னா பயம்? நீ ஜால்ராவ எடுத்துக்கிட்டு வா லா.”

தகனத்தன்று மயானத்தின் கார் நிறுத்துமிடத்தில் வந்து இறங்கினாள். தோளில் உருமி. கறுப்புச் சட்டைக்கு மேலே அந்தப் பொன்னாடை, ஜரிகை எழுத்து எல்லோருக்கும் தெரியும்படி. வளைந்த குச்சியால் தோலை இழுத்தாள். அது உறுமிய உறுமலில் மரகதம் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து வாய்விட்டு அழுதார். பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள். சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தே அடித்துக்கொண்டு போனோம். உள்ளே போனதும் பொன்னாடையைக் கழற்றிப் பெட்டியின் மேல் விரித்தாள். அப்படியே நெருப்புக்குள் போனது.

வீட்டுக்குத் திரும்பிக் குளிப்பதற்குள் சுந்தரத்தின் போன்.

“பேரவை பொன்னாடையைப் போட்டுக்கிட்டா சாவுல அடிச்சீங்க? பட்டத்தை ரத்து பண்றோம். பொன்னாடையை உடனே திருப்பிக் குடுத்துடுங்க.”

“அது ராஜூ அண்ணனோட எரிஞ்சிருச்சுங்க,” என்றாள் சாந்தகுமாரி. “வேணும்னா அக்காகிட்ட கேட்டு சாம்பல் வாங்கித் தரேன். மேடையில வச்சுக்குங்க.”